டார் கொண்டு முழுக் கணினியையும் பேக்கப் எடுத்தல்: மீட்டுப் பார்த்தபோது தெரிந்தவை

நான் பராமரித்து வரும் சிறிய பதிப்பக அலுவலகம் ஒன்றில், ஒரே ஒரு டெபியன் லினக்ஸ் சர்வர்தான் எல்லா வேலைகளையும் தாங்குகிறது. மூலப்படிகள், மெய்ப்புகள், அட்டைப்பட வடிவமைப்புகள், விற்பனைக் கணக்கு இருக்கும் மரியாடிபி தரவுத்தளம் ஆகிய அனைத்தும் அதில்தான் உள்ளன. அதன் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனால், வேறொரு டிஸ்க்கில் அதே கணினி அதே நிலையில் மறுபடி எழுந்து நிற்க வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட பணி. இதற்கென்று பொத்தானை அழுத்தினால் போதும் என்கிற மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றில் சில நல்லவையும்கூட. ஆனாலும் பல கோப்புகளை ஒரே தொகுப்பாக்கும் டார் கட்டளையையே நான் கைக்கொண்டேன். எந்த லினக்ஸ் மீட்புப் பென்டிரைவைச் செருகினாலும் அதில் டார் இருக்கும். இன்று எழுதும் தொகுப்பை எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் பல ஆண்டுகள் கழித்தும் பிரித்துவிடலாம். நெருக்கடியான நேரத்தில் இந்த இரண்டும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

கட்டளையை நான் கையேட்டிலிருந்து அமைக்கவில்லை. அலுவலகத்தின் மூலையில் கிடந்த பழைய மேசைக் கணினி ஒன்றில் தொகுப்பைப் பிரித்து, அது சர்வரைப் போலவே நடந்துகொள்கிறதா என்று பார்த்து, எங்கே வேறுபட்டதோ அதற்கேற்ப ஒவ்வொரு தெரிவாகச் (ஆப்ஷன்) சேர்த்தேன். ஆகவே இன்று எங்கள் ஸ்கிரிப்டில் இருக்கும் நீளமான கட்டளையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால், மீட்கும்போது கண்ட ஏதோ ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறைகளைச் சொல்வதே இந்தப் பகிர்வின் நோக்கம்.

முதலில் டாரின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் காந்த நாடாக்களுக்காக அறிமுகமான இந்தக் கருவி, இன்றைக்கும் அந்த நாடாக் கால வழக்கத்தை விடவில்லை. ஒரே ஓர் எழுத்து மட்டும் உள்ள கோப்பை, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ டார் கொண்டு தொகுத்துப் பார்த்தால், தொகுப்பின் அளவு 10,240 பைட் என்று வரும். கோப்பின் பெயர், உரிமையாளர், அனுமதிகள், நேரம் ஆகியவற்றுக்கு 512 பைட்டில் ஒரு தலைப்பு, உள்ளடக்கத்துக்கு இன்னொரு 512, முடிந்துவிட்டது என்பதைக் காட்ட 512 பைட் அளவில் இரண்டு வெற்றுத் தொகுதிகள், அதன் பிறகு நாடாவில் ஒரே வீச்சில் எழுதுவதற்காக 20 தொகுதிகள் நிரம்பும்வரை வெறும் சுழியங்கள். இந்தத் தலைப்புதான் நமக்கு முக்கியமானது. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்ட வெளிப்புற டிஸ்க்கிற்கு, கணினியின் அமைப்புக் கோப்புகள் உள்ள இடிசி அடைவை அப்படியே நகலெடுத்தால் உள்ளடக்கம் மட்டும் போய்ச்சேரும். யாருடைய கோப்பு, யார் படிக்கலாம் என்பவை வழியிலேயே உதிர்ந்துவிடும். அதையே டார் தொகுப்பாக்கி அதே டிஸ்க்கில் வைத்தால், அந்த விவரங்கள் தலைப்புக்குள் பத்திரமாக இருக்கும்.

முழுக் கணினி என்று சொன்னதும், எல்லா அடைவுகளுக்கும் மேலே உள்ள மூல அடைவிலிருந்து எல்லாவற்றையும் அள்ளத் தோன்றும். ஆனால் ப்ராக், சிஸ், டெவ், ரன் ஆகிய அடைவுகளில் இருப்பவை டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அல்ல. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தந்த நேரத்தில் காட்டும் தோற்றங்கள். அவற்றைத் தவிர்க்க 'எக்ஸ்க்ளூட்' தெரிவை ஒவ்வொன்றுக்கும் எழுதுவது ஒரு வழி. அப்படி அடைவின் பெயரையே விலக்கினால், மீட்கப்பட்ட டிஸ்க்கில் அந்த வெற்று அடைவும் இராது. கணினி தொடங்கும்போது ப்ராக்கை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் திணறும். அடைவை விட்டுவிட்டு அதற்குள் இருப்பவற்றை மட்டும் விலக்குமாறு, பெயருக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இட்டு எழுத வேண்டும். மேலும், புதிய குனூ டார் பதிப்புகளில் விலக்கல் தெரிவுகள் தாம் நிற்கும் இடத்துக்குப் பின்னால் வரும் பாதைகளை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால், அவை கட்டளையின் முன்பகுதியிலேயே வர வேண்டும்.

நான் தேர்ந்தது 'ஒன் ஃபைல் சிஸ்டம்' என்னும் தெரிவை. மூல அடைவு டிஸ்க்கின் எந்தப் பகிர்வில் (பார்ட்டிஷன்) இருக்கிறதோ அதைத் தாண்டி வேறு கோப்பு முறைமைக்குள் டார் போகாது. இது மிக வசதியானது. பேக்கப் எழுதப்படும் வெளிப்புற டிஸ்க்கையே மறுபடி பேக்கப்புக்குள் இழுத்துக்கொள்ளும் அபத்தமும் இதனால் தவிர்கிறது. ஆனால் இதே தெரிவு, பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு தனிப் பகிர்வில் இருந்தால் அதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதைவிட முக்கியமாக, பூட் அடைவுக்குள் பொருத்தப்படும், கணினியைத் தொடங்கும் நிரல் உள்ள இஎஃப்ஐ பகிர்வு எப்போதுமே ஃபேட் முறையிலான தனிப் பகிர்வு என்பதால் அதுவும் வராது. ஆகவே ஒரே கட்டளையில் மூல அடைவு, ஹோம், இஎஃப்ஐ என மூன்று பாதைகளையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்து உரிமையாளர் விவகாரம். டார் தலைப்பில் உரிமையாளரின் பெயரும் எண்ணும் இரண்டுமே பதிவாகின்றன. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து பிரிக்கும்போது டார் பெயருக்கே முதலிடம் தரும். அந்தப் பெயர் தற்போது ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இருந்தால், அந்தக் கணினி அப்பெயருக்கு வைத்திருக்கும் எண்ணையே எழுதிவிடும். மீட்கும்போது ஓடிக்கொண்டிருப்பது நம் சர்வர் அல்ல, மீட்புப் பென்டிரைவின் லினக்ஸ் என்பதுதான் இங்கே சிக்கல். மெசேஜ்பஸ் போன்ற முறைமைக் குழுக்களின் எண்கள், எந்தப் பொதி (பேக்கேஜ்) எப்போது நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்துக் கணினிக்குக் கணினி மாறும். நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டி-பஸ் சேவையின் உதவி நிரல் ஒன்று மெசேஜ்பஸ் குழுவுக்கு உரியது. சோதனைக் கணினியில் அந்த நிரலின் குழு வேறு ஏதோ ஒன்றாகக் காட்டியபோதுதான் இது புரிந்தது. கணினி இயங்கும், உள்நுழையலாம், ஆனால் சில சேவைகள் மட்டும் காரணம் சொல்லாமல் எழ மறுக்கும். 'நியூமெரிக் ஓனர்' என்ற தெரிவைக் கொடுத்துப் பிரித்தால் டார் பெயர்களைப் பொருட்படுத்தாமல் எண்களை அப்படியே வைக்கும். முழுக் கணினி மீட்பில் இதை விடக் கூடாது.

இதைவிட நுட்பமானது விரிவாக்கப்பட்ட பண்புகள் எனப்படும் எக்ஸ்ஆட்டர்ஸ். வழக்கமான அனுமதிகளுக்கு வெளியே, கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் குறிப்புகள் இவை. எங்கள் சர்வரில் பிங் நிரலுக்கு, சாதாரணப் பயனர் ஓட்டினாலும் கச்சா நெட்வொர்க் சாக்கெட்டைத் திறக்கும் திறன் இப்படித்தான் தரப்பட்டுள்ளது. குனூ டார் தானாக இவற்றைச் சேர்க்காது. மீட்ட கணினியில் ரூட்டுக்கு பிங் ஓடும், மற்றவர்களுக்கு அனுமதியில்லை என்று வரும். தொகுக்கும்போது 'எக்ஸ்ஆட்டர்ஸ்', 'ஏசிஎல்ஸ்' (கூடுதல் அனுமதிப் பட்டியல்கள்) ஆகிய இரண்டையும் கொடுக்க வேண்டும். பிரிக்கும்போது அது மட்டும் போதாது: பயனர் வகைப் பண்புகள் மட்டுமே இயல்பாகத் திரும்பும் என்பதால், 'எக்ஸ்ஆட்டர்ஸ் இன்க்ளூட்' என்று எழுதி எல்லா வகைகளும் வேண்டும் என நட்சத்திரக் குறியால் சொல்ல வேண்டும். ஜென்டூ லினக்ஸின் கையேட்டில், தொடக்கத் தொகுப்பைப் பிரிக்கச் சொல்லும் கட்டளையில் இந்தத் தெரிவும் நியூமெரிக் ஓனரும் சேர்ந்தே வருவதைக் காணலாம். முழு முறைமையையே டார் தொகுப்பிலிருந்து நிறுவும் மரபுடையவர்கள் அவர்கள் என்பதால், அந்த ஒரு வரியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் தமிழ்க் கோப்புப் பெயர்கள். மெய்ப்புப் பார்ப்பவர்கள் நூலின் பெயர், இயலின் பெயர், எத்தனையாவது திருத்தம், யார் திருத்தியது என அனைத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவார்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. 'தமிழ்' என்ற சொல்லே, கண்ணுக்கு மூன்று எழுத்தானாலும், ஐந்து குறியீடுகளாகி 15 பைட் பிடிக்கிறது. பழைய யூஸ்டார் வடிவத்தில் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் 100 பைட், அதாவது ஏறத்தாழ 33 தமிழ்க் குறியீடுகள். முன்னொட்டுக்குத் தனி இடம் உண்டு என்றாலும், அது அடைவுப் பாதைக்குத்தான் உதவுமே தவிர நீண்ட கோப்புப் பெயருக்கு உதவாது. குனூ வடிவமும் பேக்ஸ் வடிவமும் இந்த வரம்பைக் கடந்துவிட்டன. எக்ஸ்ஆட்டர்ஸைத் தொகுப்பில் சேர்க்க பேக்ஸ் வடிவமே வேண்டும் என்பதால், அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

இரவில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஓடிய பேக்கப்பின் பதிவேட்டைத் திறந்தால், தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்கோடும் 340, 256, 205 போன்ற எண்களுமாக வரிகள் ஓடுவதைக் கண்டு பலர் பதறுவார்கள். பெயர்கள் சிதைந்துவிடவில்லை. கிரான் தன் வேலைகளை மொழி அமைப்பு ஏதுமற்ற சூழலில் ஓட்டுவதால், டார் தனக்குப் புரியாத பைட்டுகளை எட்டடிமான எண்களாக அச்சிடுகிறது. மேற்சொன்ன மூன்று எண்களும் 'அ' என்ற எழுத்தே. தொகுப்புக்குள் பைட்டுகள் மாறாமல் இருப்பதால் பிரிக்கும்போது பெயர்கள் சரியாகவே வரும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 சூழலை அமைத்துவிட்டால் பதிவேடும் படிக்கத்தக்கதாகிவிடும்.

உண்மையான ஆபத்து மேக் கணினிகளிலிருந்து வருகிறது. அட்டை வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸோ தட்டச்சு செய்தபடி ஒரே குறியாக வைத்துக்கொள்ளும். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து எடுத்த தொகுப்பை சர்வரில் பிரித்தால், ஒரே அடைவில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பது போலத் தோன்றும். கண்ணால் வேறுபடுத்தவே முடியாது. 'கான்வ்எம்வி' என்ற சிறு கருவியில் என்எஃப்சி தெரிவைக் கொடுத்துப் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே அவற்றைத் தொகுப்பில் சேர்க்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத் தொகுப்பது ஓடும் பேருந்திலிருந்து ஆட்களை எண்ணுவது போன்றது. டார் ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அது மாறினால், படிக்கையில் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். சுருங்கிவிட்டால் மீதி இடத்தைச் சுழியங்களால் நிரப்பிவிட்டதாகச் சொல்லும். பதிவேடுகளுக்கு இது பொருட்டல்ல, தரவுத்தளத்துக்கோ இது கேடு. ஓடும் மரியாடிபியின் கோப்புகளை அப்படியே அள்ளினால், ஒரு கோப்பு ஒரு கணத்தையும் மற்றொன்று வேறொரு கணத்தையும் காட்டும். ஆகவே டார் தொடங்கும் முன்பே தரவுத்தளத்தை அதற்குரிய டம்ப் கருவியால் 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தெரிவோடு உரைக்கோப்பாக இறக்கிவிடுகிறேன். இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு இது யாரையும் தடுக்காமல் சீரான ஒரே நிலையைத் தரும். அந்த உரைக்கோப்பு தொகுப்பில் சேர்கிறது. தரவுத்தளத்தின் கோப்புகள் உள்ள அடைவு விலக்கப்படுகிறது.

டார் முடிந்ததும் திருப்பித் தரும் எண்ணைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் ஒரு அலங்காரப் பொருள் மட்டுமே. சுழியம் என்றால் எல்லாம் நலம், 1 என்றால் சில கோப்புகள் மாறின, 2 என்றால் தொகுப்பையே நம்ப முடியாது. ஆனால் டாரின் வெளியீட்டைக் குழாய் (பைப்) வழியாகச் சுருக்கும் நிரலான இசட்எஸ்டிடிக்கும் அங்கிருந்து பூட்டும் நிரலான ஜிபிஜிக்கும் அனுப்பினால், பாஷ் ஷெல் கடைசி நிரலின் எண்ணை மட்டுமே சொல்லும். டார் நடுவழியில் விழுந்தாலும், கிடைத்ததைச் சுருக்கிப் பூட்டிய மற்ற இரண்டும் வெற்றி என்றே அறிவிக்கும். ஸ்கிரிப்டின் தலையில் 'பைப்ஃபெயில்' அமைப்பை இயக்கிவிட்டால் இந்தப் பொய் நின்றுவிடும்.

இது பெரிய இடங்களிலும் நடந்ததுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவைத் தவறுதலாக அழித்தபோது, வழக்கமான டம்ப் பேக்கப்புகள் இருக்க வேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. டம்ப் கருவியின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் பொருந்தாததால் அது தொடர்ந்து தோல்வியடைந்திருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. நடந்ததை மறைக்காமல் அவர்களே விரிவாக வெளியிட்டதால்தான் இது நமக்குத் தெரிகிறது. அதைப் படித்த பிறகு, தோற்றால் செய்தி அனுப்பு என்றிருந்த எங்கள் ஸ்கிரிப்டை, வென்றால் தொகுப்பின் அளவோடு செய்தி அனுப்பு என்று மாற்றினேன். காலையில் செய்தி வராவிட்டால் அதுவே எச்சரிக்கை.

சோதனைக்காகத் தொகுப்பை, எழுதியதெல்லாம் மறைந்துபோகும் டெவ் நல் சாதனத்துக்கு எழுதிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. வெளியீடு டெவ் நல் என்று தெரிந்தால் குனூ டார் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே தாண்டிவிடும். டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி இருந்தாலும் சோதனை வெற்றியாகவே முடியும். படிப்பதைச் சோதிக்க வேண்டுமென்றால் வெளியீட்டைக் குழாயில் அனுப்பி, மறுமுனையில் கேட் கட்டளையால் டெவ் நல்லுக்குத் தள்ள வேண்டும்.

சுருக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிஜிப் எங்கும் கிடைக்கும். எக்ஸ்இசட் நன்றாகச் சுருக்கும், ஆனால் மெதுவாக. எல்லா சிபியு கோர்களையும் பயன்படுத்தச் சொன்னால் இசட்எஸ்டிடி வேகமாக முடிக்கும் என்பதால் எங்களுக்கு அதுவே போதும். சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஸ்பிளிட் கட்டளையால் துண்டாக்கி, மீட்கும்போது கேட் கட்டளையால் சேர்க்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை எழுதிவைப்பது அவசியம். சுருக்கிய தொகுப்பின் நடுவே ஓரிடம் கெட்டாலும், அதற்குப் பின்னால் உள்ளவை பெரும்பாலும் கிடைக்காமல் போகும். இந்தத் தொகுப்புக்குள் கடவுச்சொற்களின் ஷேடோ கோப்பும் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் சாவிகளும் இருப்பதை மறந்துவிட்டு, பூட்டாத டிஸ்க்கை மேசை இழுப்பறையில் போட்டுவைப்பதுதான் நான் பல அலுவலகங்களில் காணும் வழக்கம். ஜிபிஜியால் பூட்டி, அந்தக் கடவுத்தொடரைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சர்வரிலேயே எழுதிவைத்தால் சர்வர் போகும்போது அதுவும் போய்விடும்.

மீட்பின் வரிசை இப்படி அமைகிறது. மீட்புப் பென்டிரைவில் தொடங்கி, புதிய டிஸ்க்கில் பகிர்வுகளை அமைத்து, கோப்பு முறைமைகளை உருவாக்கிப் பொருத்தி, மேற்சொன்ன தெரிவுகளோடு தொகுப்பைப் பிரிக்க வேண்டும். இத்தோடு கணினி எழாது. புதிய பகிர்வுகளுக்குப் புதிய யூயூஐடி (அடையாள) எண்கள் இருக்கும், எதை எங்கே பொருத்துவது என்று சொல்லும், இடிசியில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்போ பழைய எண்களையே தேடிக்கொண்டிருக்கும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் எண்களை அதில் எழுதிய பிறகு, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்டு முறையில் பொருத்தி, சிஹெச்ரூட் வழியாக மீட்ட முறைமைக்குள் நுழைந்து, தொடக்கத்தில் முதலில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து, கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலான க்ரப்பை நிறுவ வேண்டும். டெபியனில் எளிதில் தப்பிவிடும் ஒன்று, இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பு அடைவில் உள்ள 'ரெஸ்யூம்' கோப்பு. அதில் பழைய ஸ்வாப் பகிர்வின் எண் இருந்தால், கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இல்லாத அந்தப் பகிர்வுக்காக அரை நிமிடம்போலக் காத்திருந்து பிறகே நகரும். மூல சர்வரும் மீட்ட நகலும் ஒரே நெட்வொர்க்கில் ஒன்றாக ஓடும் நிலை வருமானால், கணினியின் அடையாளம் உள்ள மெஷின்ஐடி கோப்பையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் நகலில் மாற்றிவிட வேண்டும்.

ஞாயிறு இரவு முழுத் தொகுப்பும், மற்ற இரவுகளில் 'லிஸ்டட் இன்க்ரிமென்டல்' முறையில் மாறியவை மட்டுமான தொகுப்பும் எடுக்கிறோம். டார் தன் நினைவுக்காக எழுதிக்கொள்ளும் பட்டியல் கோப்பில் சாதன எண்ணும் பதிவாகிறது. கணினியை மறுபடி தொடங்கியபின் அந்த எண் மாறினால், எதுவுமே மாறாதபோதும் எல்லாம் புதியவை என்று எண்ணி முழுவதையும் மறுபடி தொகுத்துவிடும். 'நோ செக் டிவைஸ்' தெரிவு இதைத் தடுக்கும். மீட்கும்போது முழுத் தொகுப்பில் தொடங்கி வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக, பட்டியல் கோப்புக்குப் பதிலாக டெவ் நல்லைக் கொடுத்துப் பிரிக்க வேண்டும். அப்படிச் செய்தால், இடையில் நீக்கப்பட்ட கோப்புகளை டாரே மறுபடி நீக்கிவிடும். ஆகவே வேறு கோப்புகள் இருக்கும் அடைவில் இதை ஓட்டவே கூடாது.

எல்லாம் அமைந்த பிறகு வந்த குறை, பக்க வடிவமைக்கும் தம்பியிடமிருந்துதான். "ஒரே ஒரு மெய்ப்புக் கோப்புதானே கேட்டேன், அதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு நேரம்?" என்றார். டார் தொகுப்பில் பொருளடக்கம் கிடையாது. ஒரு கோப்பைத் தேட வேண்டுமானாலும் தொடக்கத்திலிருந்து அனைத்தையும் விரித்துப் படித்துக்கொண்டே போக வேண்டும், சுருக்கிப் பூட்டியிருந்தால் இன்னும் தாமதம். இப்போது மூலப்படிகளும் மெய்ப்புகளும் உள்ள அடைவுக்கு நூல் வாரியாகத் தனித்தனிச் சிறு தொகுப்புகள் எடுத்து, ஒவ்வொன்றின் கோப்புப் பட்டியலையும் பக்கத்திலேயே உரைக்கோப்பாக வைத்திருக்கிறேன். எந்தத் தேதித் தொகுப்பில் தன் கோப்பு இருக்கிறது என்பதை அவரே சொல் தேடும் கட்டளையான கிரெப் போட்டுத் தேடிச் சொல்லிவிடுகிறார். நான் அந்த ஒன்றை மட்டும் திறந்து எடுத்துக் கொடுக்கிறேன்.